ஹெர்மிட்டியன் அல்லாத பலதுகள் கணக்கு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

இடைவினை சேர்த்த ஹடானோ–நெல்சன் சங்கிலியைக் கணினியில் ஓட்டுபவர்களுக்கான குறிப்பு இது. நவோமிச்சி ஹடானோவும் டேவிட் நெல்சனும் 1996-இல் முன்வைத்த இந்த மாதிரியில் துகள் வலப்பக்கம் தாவும் வலிமையும் இடப்பக்கம் தாவும் வலிமையும் சமமாக இருக்காது. எனவே அதன் ஹாமில்டோனியன் (ஆற்றலைத் தரும் அணி) ஹெர்மிட்டியன் அல்ல, அதாவது தன் இணையெண் நிரை-நிரல் மாற்றுக்குச் சமமல்ல. ஒரு தளத்தில் ஒரு துகளுக்கு மேல் தங்காது. கீழே எல்லா இடத்திலும் அடிப்படைத் தாவல் வலிமை 1. இரு திசைகளின் சமமின்மையைக் குறிக்கும் எண்ணே சாய்வு: வலத் தாவலை எக்ஸ்ப்(சாய்வு), அதாவது e-இன் அடுக்கு, பெருக்கும், இடத் தாவலை எக்ஸ்ப்(−சாய்வு) பெருக்கும். அடுத்தடுத்த தளங்களில் துகள் இருந்தால் இடைவினை ஆற்றல் கூடும். இழப்பு உள்ள போஸ்–ஹப்பர்ட் (ஒரு தளத்தில் பல போஸான்கள் தங்கும் மாதிரி) போன்ற பிற மாதிரிகளுக்கும் பெரும்பாலான சோதனைகள் அப்படியே பொருந்தும்.

எந்த அறிகுறிக்குப் போகும் முன்பும் இரண்டு கணக்கை ஓட்டிவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

திறந்த முனைகள் கொண்ட 3 தளச் சங்கிலியில் 2 துகள் வையுங்கள், இடைவினை 2. ஐகன்மதிப்புகள் 2.732, 2, −0.732 என்று வர வேண்டும். சாய்வை 0, 0.5, 1 என்று மாற்றினாலும் இந்த மூன்று எண்களும் அசையக் கூடாது. அசைந்தால் அணியைக் கட்டும் இடத்திலேயே பிழை இருக்கிறது: பெரும்பாலும் இரு திசைக்கும் ஒரே காரணி போயிருக்கும், அல்லது முனைகள் தெரியாமல் இணைந்திருக்கும்.

அடுத்து முனைகளை இணைத்து, நீளமான வளையத்தில் ஒரே ஒரு துகளை விடுங்கள். சாய்வு 0.5 என்றால் ஐகன்மதிப்புகள் கலப்பெண் தளத்தில் ஒரு நீள்வட்டத்தின் மீது உட்கார வேண்டும். மெய் அச்சில் அரை அகலம் 2.255, கற்பனை அச்சில் அரை உயரம் 1.042. இந்த நீள்வட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரக் கூடாத இடத்திலும் இது வந்து நிற்கும்.

## அறிகுறி 1: திறந்த சங்கிலியில் கற்பனைப் பகுதி தலைகாட்டுகிறது

திறந்த சங்கிலியில் எல்லா ஐகன்மதிப்புகளும் மெய்யெண்களாகத்தான் இருக்க வேண்டும். இடைவினை எவ்வளவு இருந்தாலும், தளத்துக்குத் தளம் ஒழுங்கற்ற ஆற்றல் போட்டாலும் அதுதான் நிலை. 8 தளம், 10 தளம் வரை ஒழுங்காக வந்துவிட்டு 16 தளத்தில் கற்பனைப் பகுதி முளைத்தால் புதிய நிலைமாற்றம் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். எண் துல்லியம் தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

### ஏன் 16 தளத்திலேயே தீருகிறது

ஒற்றைத் துகளில் வலது ஐகன்வெக்டர் முழுதும் ஒரு முனையில் குவியும். பலதுகளில் ஒவ்வொரு துகளும் தன் பங்குக்குக் குவிவதால் வெக்டரின் மிகப் பெரிய உறுப்புக்கும் மிகச் சிறிய உறுப்புக்கும் உள்ள விகிதம் பயங்கரமாக வளர்கிறது. அரைநிரப்பில் (பாதித் தளங்களில் துகள்) ஐகன்வெக்டர் அணியின் கண்டிஷன் எண் (சிறு பிழை எத்தனை மடங்கு பெருகலாம் என்ற அளவு) எக்ஸ்ப்(சாய்வு × துகள் எண்ணிக்கை × காலித் தள எண்ணிக்கை) அளவுக்குப் போகும். சாய்வு 0.5 என்று வைத்துக் கணக்கிட்டால்:

- 12 தளம், 6 துகள் (924 நிலைகள்): எக்ஸ்ப்(18), அதாவது சுமார் 7 × 10⁷
- 14 தளம், 7 துகள் (3,432 நிலைகள்): சுமார் 4 × 10¹⁰
- 16 தளம், 8 துகள் (12,870 நிலைகள்): சுமார் 8 × 10¹³
- 18 தளம், 9 துகள் (48,620 நிலைகள்): சுமார் 4 × 10¹⁷

இரட்டைத் துல்லிய எண்ணின் அடிப்படைப் பிழை 2.2 × 10⁻¹⁶. அதைக் கண்டிஷன் எண்ணால் பெருக்கினால் மோசமான நிலையில் எதிர்பார்க்க வேண்டிய பிழை கிடைக்கும். 12 தளத்தில் 10⁻⁸, கண்ணுக்குத் தெரியாது. 16 தளத்தில் 0.02, வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். 18 தளத்தில் எந்த இலக்கத்தையும் நம்ப முடியாது.

### ஏமாற்றும் சோதனைகள்

அணியை வெக்டரால் பெருக்கி, ஐகன்மதிப்பு × வெக்டரைக் கழித்து மீதம் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. மீதம் 10⁻¹⁴ என்று வந்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. ஹெர்மிட்டியன் அணியில் அது போதும். இங்கே போதவே போதாது: ஐகன்மதிப்பு இரண்டாம் தசம இடத்திலேயே தவறாக இருக்கும்போதும் மீதம் 10⁻¹⁴ என்றுதான் காட்டும். ஐகன்மதிப்புகளின் கூட்டுத்தொகையை மூலைவிட்டக் கூட்டுத்தொகையோடு ஒப்பிடும் சோதனையும் அப்படியே தேறிவிடும்.

இதைவிட ஆபத்தானது, தவறான ஐகன்மதிப்புகள் தாறுமாறாகச் சிதறுவதில்லை என்பது. நீளமான திறந்த சங்கிலியில் அவை மெல்ல நகர்ந்து, வளையச் சங்கிலிக்கு உரிய நீள்வட்டத்தைப் போன்ற வடிவில் அழகாக வரிசை கட்டும். படம் நேர்த்தியாக இருப்பதால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

### உண்மையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. அணியையும் அதன் நிரை-நிரல் மாற்று அணியையும் தனித்தனியாக மூலைவிட்டமாக்குங்கள். இரண்டுக்கும் ஐகன்மதிப்புகள் ஒன்றாகவே இருக்க வேண்டும். எத்தனையாவது இலக்கத்தில் பிரிகின்றனவோ, அதற்கு மேல் நம்ப இடமில்லை.
2. எல்லா உறுப்புகளிலும் 10⁻¹² அளவில் தற்செயல் எண்களைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். ஐகன்மதிப்பு 10⁻¹² அளவில் அசைந்தால் நலம். 10⁻³ அளவில் அசைந்தால் கண்டிஷன் எண் 10⁹ என்று படித்துக்கொள்ளலாம்.
3. இடது, வலது வெக்டர்களை நீளம் 1 ஆக்கி, அவற்றின் உட்பெருக்கத்தின் அளவைத் தலைகீழாக்குங்கள். அந்த ஐகன்மதிப்பின் தனிக் கண்டிஷன் எண் அதுதான். எந்த வரைபடத்தை வெளியிட்டாலும் இந்த எண்ணையும் பக்கத்தில் கொடுப்பதே நேர்மையான வழக்கம்.

### தீர்வு, செலவு குறைந்ததிலிருந்து

முதல் தீர்வுக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு அடிப்படை நிலைக்கும் துகள்கள் இருக்கும் தள எண்களின் கூட்டுத்தொகையை எடுங்கள். அணியின் ஒவ்வோர் உறுப்பையும் எக்ஸ்ப்(சாய்வு × (நிரல் நிலையின் கூட்டுத்தொகை − நிரை நிலையின் கூட்டுத்தொகை)) என்ற காரணியால் பெருக்குங்கள். ஒரு தாவலில் கூட்டுத்தொகை 1 மட்டுமே மாறுவதால் காரணி ஒருபோதும் எக்ஸ்ப்(சாய்வு) அளவைத் தாண்டாது. மிகைப்பெருக்கு வரவே வாய்ப்பில்லை. முடிவில் கையில் இருப்பது சமச்சீர் அணி. அதை ஹெர்மிட்டியன் தீர்வியில் கொடுத்தால் எல்லா ஐகன்மதிப்புகளும் முழுத் துல்லியத்தோடு வரும், நேரமும் மிச்சம்.

வலது வெக்டர் வேண்டுமென்றால் கிடைத்த வெக்டரை எக்ஸ்ப்(சாய்வு × கூட்டுத்தொகை) கொண்டு பெருக்குங்கள், இடது வெக்டருக்கு வகுங்கள். பெருக்கும் முன் மிகப் பெரிய கூட்டுத்தொகையை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுங்கள். வகுக்கும்போது மிகச் சிறியதைக் கழியுங்கள்.

லேபேக் என்ற நேரியல் இயற்கணித நூலகத்தின் பொதுத் தீர்வி தானாகவே அணியைச் சமன்செய்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அது ஒவ்வொரு நிரையின் அளவையும் அதே எண்ணுள்ள நிரலின் அளவோடு ஒப்பிட்டுத்தான் திருத்துகிறது. சீரான சங்கிலியின் நடுப்பகுதியில் அவை ஏற்கெனவே சமம். வேறுபாடு முனைகளைத் தொடும் நிலைகளில் மட்டுமே தெரியும். ஆகவே அதை முழுதாக நம்ப முடியாது. பெரிய அணியின் சில ஐகன்மதிப்புகளை மட்டும் தேடும் ஆர்பேக் நூலகத்தில் அந்தச் சமன்செய்தல்கூடக் கிடையாது.

இரண்டாம் தீர்வு கூடுதல் துல்லியம். அடுத்தடுத்த தளத்துக்கும் ஒன்று விட்ட தளத்துக்கும் தாவல் இருந்து, இரண்டின் சாய்வுகளும் பொருந்தாமல் இருந்தால் மேற்சொன்ன மாற்றம் சமச்சீராக்காது. அப்போது கண்டிஷன் எண்ணில் உள்ள இலக்கங்களோடு 16-ஐக் கூட்டி அத்தனை இலக்கத்தில் ஓட்டுங்கள். மேலே கண்ட 18 தளக் கணக்கின் அளவு என்றால் 34 வேண்டும், 40 வைத்தால் நிம்மதி. பைத்தானின் எம்பிமேத் 70 நிலைகளுக்கும் 252 நிலைகளுக்கும் சரி, அதற்கு மேல் மிக மெதுவாகிவிடும். ஜூலியாவின் ஜெனரிக்ஷூர் இன்னும் சில படிகள் தாங்கும். மேட்லேப் வைத்திருப்பவர்களுக்கு அட்வான்பிக்ஸ் என்ற பன்துல்லியத் தொகுப்பு விலைக்குக் கிடைக்கிறது.

### எப்போது வல்லுநரிடம் போக வேண்டும்

40 இலக்கத்துக்கும் 60 இலக்கத்துக்கும் ஐகன்மதிப்பு மாறிக்கொண்டே இருந்தால் எண்சார் நேரியல் இயற்கணிதம் தெரிந்தவரிடம் கொடுங்கள். கோளாறு தெரியும் மிகச் சிறிய அணி, சாய்வு, முனை வகை, தனிக் கண்டிஷன் எண்கள், நூலகத்தின் பதிப்பு எண் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். 48,620 நிலைகள் கொண்ட அணியை அனுப்பி ‘தவறாக வருகிறது’ என்றால் யாராலும் உதவ முடியாது.

## அறிகுறி 2: இரண்டு ஐகன்மதிப்புகள் 10⁻⁸ இடைவெளியில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன

எண் 10⁻⁸ என்பதே பெரிய துப்பு. இரட்டைத் துல்லியப் பிழையின் வர்க்கமூலம் 1.5 × 10⁻⁸. இரண்டு ஐகன்வெக்டர்கள் ஒன்றாக இணையும் எக்ஸப்ஷனல் புள்ளியில் பிழை வர்க்கமூலமாகப் பெருகும். மூன்று வெக்டர்கள் இணைந்தால் கனமூலம், அதாவது 6 × 10⁻⁶.

உறுதிசெய்ய, 10⁻¹⁰ அளவில் தற்செயல் அணியைக் கூட்டிப் பிளவை அளவிடுங்கள். பிறகு 10⁻⁸ அளவில். தொந்தரவு 100 மடங்கு கூடியபோது பிளவு 10 மடங்கு கூடினால் இரண்டாம் வரிசை எக்ஸப்ஷனல் புள்ளி. 100 மடங்கே கூடினால் அது வெக்டர்கள் இணையாத, வெறும் ஐகன்மதிப்புச் சந்திப்பு. பெரும்பாலும் நீங்கள் பிரிக்காமல் விட்ட ஒரு சமச்சீர்மை. துகள் எண்ணிக்கை, வளைய உந்தம், இடவலப் பிரதிபலிப்பு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

உண்மையான எக்ஸப்ஷனல் புள்ளி என்றால் சரிசெய்ய ஒன்றுமில்லை. அந்தப் புள்ளியின் மீதே நின்று மூலைவிட்டமாக்காமல், இருபுறமும் சற்றுத் தள்ளிக் கணக்கிடுங்கள். புள்ளியின் மீதே ஜோர்டான் வடிவம் தேவைப்பட்டால் மிதவைப்புள்ளி எண்களில் முயல வேண்டாம். குறியீட்டுக் கணிதம் தெரிந்தவர் வேண்டும்.

## அறிகுறி 3: வளையச் சங்கிலியில் இடைவினை இல்லாதபோதே விடை தப்புகிறது

இடைவினையை 0 ஆக்கினால் பலதுகள் ஆற்றல் என்பது ஒற்றைத் துகள் ஆற்றல்களின் கூட்டல்தான். அது ஒத்துவரவில்லையா? துகள் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாருங்கள்.

ஒற்றைப்படையில் சரி, இரட்டைப்படையில் தவறு என்றால் முனை இணைப்பின் குறி. ஃபெர்மியான் (இரண்டை இடம் மாற்றினால் குறி மாறும் துகள்) வளையத்தைச் சுற்றிவரும்போது மற்ற எல்லாத் துகள்களையும் தாண்டுகிறது. இரட்டைப்படையில் கழித்தல் குறி வரும். ஒரே தளத்தில் இரண்டு தங்க முடியாத வன்கருப் போஸான்களுக்கு அந்தக் குறி கிடையாது. எனவே ஒற்றைப்படையில் இரண்டின் ஐகன்மதிப்புகளும் ஒன்றாகவும் இரட்டைப்படையில் வேறாகவும் இருக்க வேண்டும். ஸ்பின் சங்கிலிக்கு எழுதிய நிரலை ஃபெர்மியானுக்கு எடுத்தாள்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இரண்டிலும் தவறு என்றால் முனை இணைப்பில் சாய்வின் திசை மாறியிருக்கிறது. கடைசித் தளத்திலிருந்து முதல் தளத்துக்குப் போவதும் வலத் தாவல்தான்.

## அறிகுறி 4: துகள் அடர்த்தி 1-ஐத் தாண்டுகிறது, அல்லது கலப்பெண்ணாக வருகிறது

எந்த இரு வெக்டர்களுக்கு நடுவே சராசரி எடுத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

இருபுறமும் வலது வெக்டர்: அடர்த்தி 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். வெளியே போனால் நீளத்தால் வகுக்க மறந்திருக்கிறீர்கள்.

ஒருபுறம் இடது, மறுபுறம் வலது: அடர்த்தி 1-ஐத் தாண்டலாம், கலப்பெண்ணாகவும் வரலாம். அது பிழை ஆகாது. ஆனால் இடது–வலது உட்பெருக்கத்தால் வகுத்திருக்க வேண்டும். பைத்தானின் சைபை நூலகத்தின் பொதுத் தீர்வி இடது வெக்டரையும் வலது வெக்டரையும் தனித்தனியே நீளம் 1 ஆக்கித் தரும். அவற்றின் உட்பெருக்கத்தை 1 ஆக்கித் தராது. அது உங்கள் வேலை.

வகுத்த பிறகும் வெவ்வேறு நிலைகளின் இடது–வலது உட்பெருக்கம் 0 ஆகவில்லை என்றால் அந்த ஐகன்மதிப்புகள் ஒன்றாக இருக்கின்றன. அந்தச் சிறு கூட்டத்துக்குள் உட்பெருக்க அணியை எடுத்து, அதன் நேர்மாறால் இடது வெக்டர்களைத் திருத்துங்கள். அணி தன் நிரை-நிரல் மாற்றுக்குச் சமமான கலப்பெண் அணி என்றால் (கலப்பெண் ஆற்றல் கொண்ட தளங்கள், இருபுறமும் சமமான தாவல்) இடது வெக்டர் வலது வெக்டரின் இணையெண். அங்கே உட்பெருக்கம் எடுக்கையில் நிரல்மொழி தானாக ஒருமுறை இணையெண் எடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டு முறை எடுத்துவிடுவதே இந்த வகையில் அதிகம் காணும் பிழை.

எதைப் பயன்படுத்துவது என்பது கேள்வியைப் பொறுத்தது. துகள் இழப்பு எதுவும் பதிவாகாத ஓட்டங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஆய்வகச் சோதனையோடு ஒப்பிட வலது–வலதுதான் சரி. கட்டுரையின் ஒரு படத்தில் ஒன்றும் அடுத்த படத்தில் மற்றொன்றும் சொல்லாமல் கலப்பதை ஏற்கவே முடியாது.

என்ட்ரோபி (சங்கிலியின் ஒரு பகுதி மற்றதோடு பின்னியிருக்கும் அளவு) எதிர்மறையாக வந்தாலும் இதே வழியில் பாருங்கள். இடது–வலது அடர்த்தி அணியில் எதிர்மறை என்ட்ரோபி உண்மையாகவே உண்டு: ஹெர்மிட்டியன் அல்லாத எஸ்எஸ்ஹெச் (சூ–ஷ்ரீஃபர்–ஹீகர்) சங்கிலியின் மாறுநிலைப் புள்ளியில் மைய மின்னேற்ற எண் (என்ட்ரோபி வளரும் வேகத்தைக் குறிப்பது) −2 என்று 2020-இல் காட்டப்பட்டது. வலது–வலதில் எதிர்மறை வந்தால் நிரலில்தான் கோளாறு.

## அறிகுறி 5: ஆர்னால்டி (ஆர்பேக் பயன்படுத்தும் மறுசெயல் முறை) ஒருங்கவில்லை, அல்லது தவறான நிலையைத் தருகிறது

- ஹெர்மிட்டியன் அணிகளுக்கான ஆர்பேக் அழைப்பையே விட்டிருக்கிறீர்களா? அது எச்சரிக்கை எதுவும் தராமல் தவறான எண்ணைத் தரும். பொது அணிக்கான அழைப்புக்கு மாறுங்கள்.
- கற்பனைப் பகுதி மிகப் பெரிய நிலையைக் கேட்டீர்களா? அணி மெய்யெண் வகையில் இருந்தால் ஆர்பேக் கற்பனைப் பகுதியின் குறியைப் பார்க்காது, அளவை மட்டுமே பார்க்கும். அணியைக் கலப்பெண் வகைக்கு மாற்றிக் கொடுங்கள்.
- 6 நிலைகளுக்கு சைபை இயல்பாக 20 வெக்டர்களே வைக்கும். 60 முதல் 80 வரை உயர்த்துங்கள். நினைவகம் கொஞ்சம் கூடும், பெரும்பாலும் இதிலேயே ஒருங்கிவிடும்.
- நிறமாலையின் நடுவே நிலை வேண்டுமென்றால் நகர்த்தித் தலைகீழாக்கும் முறை. 20 தளம், 10 துகள் என்றால் 1,84,756 நிலைகள். அணி மட்டும் சில பத்து மெகாபைட். அதைக் காரணிப்படுத்தும்போது காலி இடங்கள் நிரம்பி நினைவகம் பல மடங்கு ஊதும். கணினி மைய உதவியாளரிடம் பேச வேண்டிய இடம் இது.

டிஎம்ஆர்ஜி (அடர்த்தி அணி மறுநெறிப்படுத்தல் குழு முறை) ஓட்டுபவர்கள் உள் தீர்வி ஹெர்மிட்டியன் என்று கருதுகிறதா என்று முதலில் பார்க்கவும். ஐடென்சர் நூலகம் இயல்பாக அப்படித்தான் கருதும்; அந்த அமைப்பை அணைக்க வேண்டும். அதோடு, ஆற்றல் உண்மையான மதிப்புக்குக் கீழேயும் போகலாம் என்பதால் ‘ஆற்றல் குறைகிறது, எனவே தேறுகிறது’ என்ற தைரியம் இங்கே செல்லாது. வெட்டும்போது இடது, வலது அடர்த்தி அணிகளின் சராசரியைக் கொண்டு வெட்டினால் ஓட்டம் நிலையாக இருக்கும்.

## அறிகுறி 6: காலப் பரிணாமத்தில் வெக்டர் வெடிக்கிறது

இரட்டைத் துல்லிய எண் எக்ஸ்ப்(709) வரைதான் தாங்கும். மிகப் பெரிய கற்பனைப் பகுதியை மொத்தக் காலத்தால் பெருக்கினால் 709-ஐத் தாண்டுகிறதா? ஒவ்வொரு படியிலும் நீளத்தை 1 ஆக்கி, நீளத்தின் மடக்கையைத் தனியே கூட்டி வையுங்கள்.

இழப்பிலிருந்து வந்த ஹாமில்டோனியன் என்றால் நீளம் குறைய மட்டுமே முடியும். ஏறினால் இழப்புப் பகுதியின் குறி தலைகீழ். இரு துகள் இழப்புள்ள போஸ்–ஹப்பர்ட் சங்கிலிக்கு இன்னொரு நல்ல சோதனை இருக்கிறது: இழப்பு வீதம் தாவலையும் இடைவினையையும்விடப் பல மடங்கு பெரிதாக இருக்கும் பகுதியில் அதை இரட்டிப்பாக்கினால், தளத்துக்கு ஒரு துகளாகத் தொடங்கிய நிலையின் தேய்வு வீதம் பாதியாக வேண்டும். கூடினால் பிழை. கியோட்டோவில் இட்டர்பியம் அணுக்களைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வில் மாட் நிலை (துகள்கள் தத்தம் தளத்தில் உறைந்து நிற்கும் நிலை) உருகுவது இழப்பால் தாமதமானதற்கும் இதுவே காரணம்.

திறந்த ஹடானோ–நெல்சன் சங்கிலியில் எல்லா ஐகன்மதிப்பும் மெய்யாக இருந்தும் நீளம் தொடக்கத்தில் வேகமாக ஏறும். அது கோளாறு இல்லை. துகள்கள் முனையை நோக்கிக் குவிகின்றன. குவிந்து முடிந்ததும் வளர்ச்சி நிற்க வேண்டும். நிற்காமல் போனால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 7: மட்ட இடைவெளிப் புள்ளிவிவரம் எந்த வகையிலும் சேரவில்லை

கலப்பெண் இடைவெளி விகிதத்தின் (மிக அருகிலுள்ள ஐகன்மதிப்புக்கான இடைவெளியை அதற்கடுத்ததற்கான இடைவெளியால் வகுத்தது) சராசரி அளவு தொடர்பற்ற மட்டங்களுக்கு 0.667, ஜினிப்ர் வகைக்கு (சமச்சீர்மை எதுவும் இல்லாத தற்செயல் அணி) 0.738. கோணத்தின் கொசைன் சராசரி முறையே 0, −0.24. நடுவில் ஏதோ எண் வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

சமச்சீர்மைப் பிரிவுகளைப் பிரித்தீர்களா? பத்தில் எட்டுச் சிக்கல் இதுதான். அடுத்து, மெய்யெண் அணியில் ஐகன்மதிப்புகள் இணையெண் ஜோடிகளாக வருவதால் மெய் அச்சுக்கு அருகில் உள்ளவற்றை விலக்கி, மேல் பாதியை மட்டும் எடுங்கள். நிறமாலையின் விளிம்புகளையும் விலக்குங்கள். நிரை-நிரல் மாற்றுச் சமச்சீர்மை உள்ள அணிக்கு ஒப்பீட்டு எண்ணே வேறு. ஜினிப்ர் எண்ணோடு ஒப்பிட்டால் எப்போதும் குறைவாகவே தெரியும்.

ஒழுங்கற்ற சங்கிலியில் மெய்யிலிருந்து கலப்பெண்ணுக்கு மாறும் இடத்தைத் தேடுபவர்கள் (ஹமசாகி, கவபாதா, உவேதா 2019-இல் பலதுகள் முடக்கத்தோடு, அதாவது துகள்கள் ஒழுங்கின்மையில் சிக்கி நகராமல் போவதோடு, இணைத்துக் காட்டிய மாற்றம்) வளையச் சங்கிலியில்தான் தேட வேண்டும். ‘இதற்கு மேல் கலப்பெண்’ என்ற வரம்பை 10⁻¹⁰ என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு ஐகன்மதிப்பின் தனிக் கண்டிஷன் எண்ணை 2.2 × 10⁻¹⁶ கொண்டும் அணி உறுப்புகளின் ஒட்டுமொத்த அளவு (நார்ம்) கொண்டும் பெருக்கி, அதைப் போல் 10 மடங்கை வரம்பாக வையுங்கள். வரம்பை 100 மடங்கு ஏற்றி இறக்கினாலும் மாறுமிடம் நகரவில்லை என்றால் விடையை எழுதிக்கொள்ளலாம்.